கரண்ட் போனால் மீனுக்கு என்ன நடக்கும்?

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை எம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, கிளிநொச்சிப் பக்கக் கிராமமொன்றிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. "தங்கச்சி, மீன் எல்லாம் மிதக்குது" என்றார் அந்த அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவரது மகள் செத்த மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

2009இல் ஷெல் பட்டு அந்த அக்காவின் இடக்கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. கணவர் எங்கே என்று இன்றும் தெரியாது. கிணற்றில் அள்ளித் தோட்டத்துக்கு இறைப்பது அவரால் முடியாத வேலை. ஆகவே மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் முறையைச் சொல்லி, வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். கிடைத்த உதவி போதாமல் அவர் தன் சீட்டுக் காசையும் போட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'வாழ்வாதாரம்' என்ற சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மின்வெட்டு என்ற சொல்லை ஒரு தடவையாவது எழுதினேனா என்பது சந்தேகமே.

முறை எளிமையானது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. கல்லில் வாழும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று செடிக்குப் பசளை. செடி எடுத்தது போக, சுத்தமான தண்ணீர் மீனிடம் திரும்புகிறது. 2021இல் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்டபோது நாம் பட்ட பாட்டை நினைத்தால், இதன் பெறுமதி விளங்கும். ஆனால் இந்தச் சுற்று நின்றால் மீன் காத்திருக்காது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் கெதியாகத் தீரும்.

முதலாவது தொகுதியில் எல்லாமே தானியங்கி. தண்ணீர் ஏற்றுவது, தீன் போடுவது, பிழை வந்தால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவது, எல்லாம். கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய கருவியும் கரண்டிலேயேதான் ஓடியது! இதை அப்போது நான் யோசிக்கவில்லை. பொருத்தித் தந்தவர்களும் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் அக்காவும் நானும் கொப்பியும் பேனையுமாகத் திண்ணையில் இருந்து மறுபடி திட்டம் போட்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வி: கரண்ட் போனால் இது என்ன செய்யும்?

முதலில் காற்று. மீனுக்குக் காற்று விடும் சின்ன மோட்டரை 12 வோல்ற் பற்றரியில் ஓடுவதாக வாங்கினோம். அது எப்போதும் பற்றரியில்தான் ஓடும். கரண்ட் இருக்கும்போது சார்ஜர் பற்றரியை நிரப்பிக்கொண்டேயிருக்கும். மாற்றிவிட வேண்டிய சுவிச்சே இல்லை. 5 வாட்ஸ் மோட்டருக்கு 40 அம்பியர் மணி பற்றரியில் பாதியைப் பாவித்தாலே கணக்குப்படி 48 மணி நேரம் ஓடும். பழைய பற்றரி என்றால் அதிலும் பாதியைத்தான் நம்பலாம். அதுவும் ஒரு பகலும் ஓர் இரவும். வயரிங் வேலை செய்யும் ஊர்த் தம்பி ஒருவர், கரண்ட் நின்றதும் பற்றரியில் ஒலிக்கும் மணியொன்றையும் பூட்டித் தந்தார்.

அடுத்தது தண்ணீர் ஏற்றும் மோட்டர். 25 வாட்ஸ் மோட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 18 யூனிற். ரைமர் போட்டு மணிக்கு 15 நிமிடம் ஓடவிட்டால் நாலரை யூனிற்தான். காற்று மோட்டரையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 யூனிற். 30, 60 யூனிற் எல்லைகளைத் தாண்டினால் பில் எப்படி ஏறும் என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கும் எங்களுக்குத் தெரியாததல்ல. முள் சுற்றும் மலிவான ரைமரே போதும். கரண்ட் போனால் அது நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மணிக்கொரு தடவை செய்யும் வேலைக்கு அது ஒரு குறையல்ல.

இந்த மோட்டரைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். பாதி உயரத்தில் கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். குழாய் கழன்று தண்ணீர் முழுவதும் வெளியே ஓடினாலும் மீனுக்குப் பாதித் தண்ணீர் மிஞ்சும். கீரைத் தட்டில் நிற்கும் எஸ்லோன் குழாயின் அடியில் சிறு துளை போட்டுவிட்டால், மோட்டர் நின்றதும் தண்ணீர் தானாகவே தொட்டிக்கு வடிந்துவிடும். அவ்வளவையும் கொள்ளத் தொட்டியில் இடம் விட்டிருக்க வேண்டும்.

தொட்டி 1000 லீற்றர். மீன் 30. அதற்கு மேல் ஆசைப்படவில்லை. 300 கிராம் மீனாக வளர்ந்தால் 9 கிலோ. நாளுக்கு 90 கிராம் அளவில் தீன். அந்தத் தீன் 2 சதுர மீற்றர் கீரைக்குப் போதும். தட்டின் ஆழம் 30 சென்ரிமீற்றர். நிரப்பும் கல் மட்டும் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், மரச் சட்டம் தாங்காது. சீமெந்துக் கல் அடுக்கி இடுப்பளவு உயரத்தில் கட்டினோம். குனியாமல், ஒற்றைக் கையால் கீரை ஆயலாம். அக்காவுக்கு முதலில் பிடித்தது அதுதான்.

கல் வாங்கும்போது நாலைந்தைக் கையோடு கொண்டுவந்து வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம். எமது பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் ஏற்கெனவே சவர்க்காரம் நுரைக்காத வன்தண்ணீர். அதில் சுண்ணாம்பும் சேர்ந்தால் செடிக்கு இரும்புச் சத்து ஏறாது, இளம் இலைகள் மஞ்சளிக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே சேர்க்க வேண்டும். இதனால்தான் தண்ணீர் குறையத் தானாக நிரப்பும் மிதவைக் குழாயை நாங்கள் போடவில்லை. தவிரவும், ஒழுக்கு இருந்தால் அது ஒழுக்கை மறைத்து, மேல் தாங்கியையும் காலி செய்துவிடும்.

தானாகத் தீன் போடும் பெட்டியையும் கழற்றி வைத்தோம். சுகமில்லாத மீன் தின்னாது. பெட்டிக்கு அது தெரியாது, அது போட்டுக்கொண்டேயிருக்கும். தின்னாத தீன் அழுகினால் அமோனியா கூடும். காலையும் மாலையும் கையால் தீன் போடுகிற அந்த ஐந்து நிமிடம்தான் நாம் மீனைப் பார்க்கும் நேரம்.

தண்ணீர் நிரப்பியதும் மீனை விட்டுவிட வேண்டாம். பற்றீரியா பெருக நாலு முதல் ஆறு கிழமை செல்லும். முதலில் ஐந்தாறு மீன், பிறகு மற்றவை. அமோனியா பார்க்கும் மருந்து அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். மீன்குஞ்சுக்கு நக்டா அலுவலரைக் கேளுங்கள். நாம் வளர்ப்பது திலாப்பியா. 1952இல் இந்த நாட்டுக்கு வந்து எமது குளமெல்லாம் பெருகிய மீனின் இனம்தான். கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை எளிதில் வரும். மிளகாய், தக்காளி கூடுதல் சத்துக் கேட்கும், பிறகு பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன். தொட்டிக்குள் கை வைக்க முன் மோட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

விலை விபரம் நான் எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மூன்று கடைகளில் கேட்டு எழுதி, கைக்காசு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்த்துத்தான் கையொப்பம் வையுங்கள். "தருகிறோம்" என்று வருபவர்களிடமும், எங்களைப் போன்றவர்களிடமும், அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் திட்டம் இன்னும் முடியவில்லை.

அண்மையில் அக்காவிடம் போயிருந்தேன். முதல் இரவு கரண்ட் போய் மணி அடித்ததாம். "எழும்பி ரோச் அடிச்சுப் பாத்தன். குமிழி வந்துகொண்டிருந்தது. திரும்பிப் படுத்திட்டன்" என்றார். வரும்போது இரண்டு கட்டுக் கங்குன் தந்தார். காசு கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார்.