5 மணிக்கு கிரவுண்ட், 11 மணி வரை ஹோம்வொர்க்: விளையாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி அடிபடுவது ஏன்?

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு கபடி வீராங்கனையின் நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 4.30-க்கு அலாரம். 5.15 முதல் 7.15 வரை பயிற்சி. அவசரக் குளியல், பாதி இட்லி, பஸ், 9 மணிக்குப் பள்ளி. மாலை 4.30 முதல் 6.30 வரை மறுபடியும் கிரவுண்ட். அங்கிருந்து நேராக டியூஷன். வீடு வந்து சேர இரவு 8.45. சாப்பாடு, ஹோம்வொர்க், ரெக்கார்ட் நோட்டு, கொஞ்சம் ரீல்ஸ். படுக்கும்போது மணி 11.30. கணக்குப் போட்டால் தூக்கம் 5 மணி நேரம்.

பள்ளி அணியிலோ மாவட்ட அணியிலோ ஆடும் பிள்ளை உள்ள வீடுகளில் கொஞ்சம் முன்னே பின்னே இதே டைம்டேபிள்தான். பயிற்சிக்குப் போகாவிட்டால் கோச் திட்டுவார். டியூஷனைக் குறைத்தால் மார்க் போய்விடும் என்று வீட்டில் பயம். எதைக் குறைத்தாலும் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறார். தூக்கத்தைக் குறைத்தால் மட்டும் கேட்க ஆளில்லை. ‘விடியக்காலம் எழுந்து ஓடுறா’ என்று பாராட்டுதான் கிடைக்கும்.

இடையில் ஒருநாள் கணுக்கால் பிசகும். அடுத்த மாதம் முட்டி வலி. பிறகு விரலில் அடி. ‘கிரவுண்ட் சரியில்ல’, ‘ஷூ தேஞ்சுபோச்சு’, ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று காரணங்கள் வரிசையாக வரும். முந்தின வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்ற கேள்வி மட்டும் வராது.

8 மணி நேரம் என்ற கோடு

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பள்ளியில் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த 112 விளையாட்டு மாணவர்களிடம் தூக்கம், பயிற்சி நேரம், எத்தனை விளையாட்டு என எல்லாம் விசாரித்து, பள்ளியின் காயப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2014-இல் வெளியாயின. 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 1.7 மடங்கு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், எது எதற்கெல்லாம் தொடர்பு தெரியவில்லை என்பது. வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, எத்தனை விளையாட்டு, தனியாக கோச் உண்டா, ஆணா பெண்ணா – எதுவும் காயத்தோடு தெளிவாகப் பொருந்தவில்லை. பொருந்தியவை இரண்டு: தூக்கம், மேல் வகுப்பு. ஒரே பள்ளி, 112 பேர், மாணவர்களே சொன்ன தூக்கக் கணக்கு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. தூக்கக் குறைவுதான் காயத்துக்குக் காரணம் என்று இது நிரூபிக்கவும் இல்லை. ஆனால் 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் தந்த பரிந்துரையும் அதே கோட்டில்தான் நிற்கிறது.

பயிற்சி நேரம் முக்கியமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. சிகாகோவில் சுமார் 1,200 இளம் விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால், அதிகப்படியான உழைப்பால் வரும் கடுமையான காயங்கள் கூடுகின்றன என்றது அது. 15 வயது என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம். மேலே பார்த்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம், ஆறு நாளில் 24.

‘சீக்கிரம் படுத்தா என்ன?’

எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. நியாயமானதுதான். ஆனால் பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் நகர்கிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் ஹார்மோன், சிறு வயதில் சுரந்ததைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்கும். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாலும் பிள்ளை புரண்டுகொண்டிருப்பது சோம்பலோ அடமோ அல்ல. கையில் இருக்கும் போன் அதை இன்னும் தள்ளிப்போடுகிறது என்பதும் உண்மை.

இதைக் கருத்தில் கொண்டுதான் கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. 2022 ஜூலை முதல் அமல். நம்மூர் அரசுப் பள்ளிகள் எப்படியும் 9 மணியை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அந்தச் சலுகையை இங்கே விடியற்காலைப் பயிற்சியும் காலை டியூஷனும் தின்றுவிடுகின்றன.

கோச்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் 9 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஓடவிட முடியாது. பல மைதானங்களில் மாலை இருட்டிய பிறகு விளக்கும் இல்லை.

கண் அயர்ந்தால் உடல் என்ன செய்யும்?

வளர்ச்சி ஹார்மோனின் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. பகலில் ஓடி, குதித்து, விழுந்ததில் தசையிலும் எலும்பிலும் ஏற்பட்ட நுண்ணிய சேதங்களைச் சரிசெய்யும் நேரமும் அதுதான். புதிதாகக் கற்ற ரெய்டு உத்தி மூளையில் பதிவதும் தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தால் எதிர்வினை வேகமும் கவனமும் குறையும். எதிராளி காலைப் பிடிக்க வரும்போது அரை நொடி தாமதித்தால் கணுக்கால் பிசகிவிடும்.

நேர்மாறாகவும் சோதித்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை 5 முதல் 7 வாரங்களுக்கு, தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் உயர்ந்தது. ஓட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5-ஆகக் குறைந்தது. 2011-இல் வெளியான சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஆனாலும் ஓட்டத்தில் 0.7 நொடி எவ்வளவு பெரிது என்று கோச்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

‘சும்மா சுளுக்குதான்’

இங்கேதான் பெற்றோர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வளரும் வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கும். அது அருகிலுள்ள லிகமென்ட்டைவிட பலவீனமானது. பெரியவர்களுக்கு லிகமென்ட் இழுபடும் அதே விழுகையில், பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு விரிசல்விடலாம். பார்க்க சுளுக்கு மாதிரியேதான் இருக்கும். எண்ணெய் போட்டு உருவி ‘சுளுக்கு எடுத்தால்’ நிலைமை மோசமாகலாம். காலை ஊன்ற முடியவில்லை, எலும்பைத் தொட்டாலே வலி என்றால் முதலில் எக்ஸ்ரே.

விடுவிடுவென்று உயரம் கூடும் காலத்தில் முட்டிக்குக் கீழே வீக்கத்தோடு வலிப்பதும், குதிகால் வலிப்பதும் சகஜம். எலும்பு வேகமாக நீள, தசை அதை இழுப்பதால் வருவது. பெரும்பாலும் பயிற்சியைக் குறைத்தால் தணியும். வேகப்பந்து வீசும் பையனுக்கு வாரக்கணக்கில் கீழ்முதுகு வலி என்றால் கதை வேறு; முதுகெலும்பில் அழுத்த முறிவு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எல்லாக் களைப்பையும் தூக்கத்தின் தலையில் கட்டவும் முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நன்றாகத் தூங்கியும் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. விளையாடும் பெண்ணுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால், ‘பிராக்டிஸ் ஜாஸ்தி, அதான்’ என்று விட்டுவிடக் கூடாது. உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும்.

எங்கே நேரத்தைப் பிடிப்பது?

காலை, மாலை இரண்டு வேளைப் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைப்பதுதான் பெரிய லாபம். ஒரு வேளைப் பயிற்சி நாளில் காலை 6.30 வரை தூங்கினால் இரண்டு மணி நேரம் மிச்சம். டியூஷனை வார இறுதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். மதியமோ மாலைப் பயிற்சிக்கு முன்போ 20 நிமிடக் குட்டித் தூக்கம் உதவும். ஞாயிறு 11 மணி வரை தூங்கவிடுவது பாசம்தான். ஆனால் அன்றிரவு தூக்கம் வராமல் திங்கள் காலை மறுபடியும் அவதி. இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போதும். இரவு விழித்துப் படிக்க அம்மா போட்டுத் தரும் டீ இந்த வீட்டில் வேண்டாம்.

செலக்‌ஷன் வாரத்தில் வலியைச் சொன்னால் டீமில் எடுக்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் மறைப்பதுண்டு. ‘வலிக்குதா?’ என்று கேட்டால் ‘இல்ல சார்’ என்றுதான் பதில் வரும். அட்டெண்டன்ஸ் நோட்டிலேயே கூடுதலாக இரண்டு கட்டம் போட்டு, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், இன்று எங்கே வலி என்று தினமும் எல்லோரிடமும் எழுதி வாங்கலாம். எல்லோரும் எழுதும்போது ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள். தொடர்ந்து மூன்று நாள் 6 மணி நேரத்துக்குக் கீழே எழுதியிருப்பவளுக்கு அன்றைக்கு ஸ்பிரிண்ட் வேண்டாம், லேசான பயிற்சி போதும் என்று கோச் முடிவெடுக்கலாம்.