ஆறிய தழும்பு வாய் திறந்தபோது

1740-இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய போர்க்கப்பல்களில் ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அந்தப் பயணக் குறிப்பில் வரும் ஒரு முதியவரை மறக்க முடியாது. 1690-இல் அயர்லாந்தின் பாயின் போரில் பட்ட காயம் ஆறி, ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஸ்கர்வி முற்றியதும், அது ஆறவே ஆறாததுபோல மறுபடி பிளந்தது.

பழைய தழும்பு எப்படித் திறக்கும்? தழும்பு ஒருமுறை போட்டு முடித்த தையல் அல்ல. தோலின் உள்ளடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் கொலாஜன் நாரை ஓயாமல் நூற்கின்றன; பழையது கரையக் கரையப் புதியது சேர்கிறது. கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. புரி பிரியாமல் நிற்க, இழையிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தோடு ஆக்சிஜன் சேர வேண்டும். சேர்த்துவைக்கும் நொதிக்குள் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது அவ்வப்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்கும். அதை மீட்டுத் திரும்ப வேலைக்கு அனுப்புவது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் கயிறு முறுக்கேறாது. பழையது கரைவது மட்டும் நிற்காது. இந்தப் பற்றாக்குறையின் நோய்தான் ஸ்கர்வி.

1939-இல் பாஸ்டனைச் சேர்ந்த இளம் அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன், இதைத் தன் உடம்பிலேயே சோதித்தார். வைட்டமின் சி அறவே இல்லாத உணவு. மூன்றாம் மாதம் முதுகில் போட்ட வெட்டு ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாத வெட்டு, மேலே மூடியும் உள்ளே கூடவில்லை. வைட்டமின் சி ஏற்றிய பிறகே அது ஆறியது. அந்தத் துணிச்சல் இன்றும் வியக்கவைக்கிறது.

ஆடும் மாடும் இந்தச் சத்தைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கோ அதற்கான மரபணு பழுதுபட்டுவிட்டது. உண்பதுதான் ஒரே வழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. ஒரு நடுத்தரக் கொய்யா அதைத் தாண்டிவிடும்.

வைட்டமின் சி தோலுக்கு நல்லது என்று எலுமிச்சையை முகத்தில் தேய்க்கவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். அதைச் சாதத்தில் பிழியலாம், அடுப்பை அணைத்த பிறகு. சூட்டில் இந்தச் சத்து சிதைந்துவிடும்.