வாசல் முதல் வங்கி வரை: முதியோர்க்கு உகந்த வேலந்தாவளம்

ஓர் ஊர் முதியோர்க்கு உகந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எழுபத்தைந்து வயதான ஒருவர், பிறர் துணையின்றி வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, தம் கணக்கிலுள்ள பணத்தைத் தாமே எடுத்து, வேண்டிய மருந்தையும் வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலுக்கு முன் நலமாக வீடு திரும்ப இயலுமா? இயலாது எனில், நாளடைவில் அவர் தம் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் இன்னொருவரிடம் ஒப்படைக்க நேரும். தம் பணத்தின் மீது தமக்குள்ள ஆளுகையை ஒருவர் இழக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வேலந்தாவளம். சோதனைச்சாவடியும் காய்கறிச் சந்தையும் இவ்வூரின் அடையாளங்கள். கோயம்புத்தூர் அருகிலிருப்பதால் வேலைக்கும் மருத்துவத்திற்கும் எல்லை கடந்து செல்வது இங்குள்ளோர்க்கு இயல்பான செயல். இளையோர் காலையில் பணிக்குச் சென்றபின், பல வீடுகளில் பகற்பொழுதில் எஞ்சியிருப்போர் முதியோரே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். அதன்பின் இவ்விகிதம் மேலும் உயர்ந்தே வந்துள்ளது.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோர்க்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டது. 22 நாடுகளைச் சேர்ந்த 33 நகரங்களின் முதியோரிடம் கருத்துக் கேட்டு உருவாக்கப்பட்ட அந்நூலில் புதுதில்லியும் உதயப்பூரும் பங்கேற்றன. பொது இடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, குடியிருப்பு, சமூகப் பங்கேற்பு, மதிப்பும் அரவணைப்பும், குடிமைப் பணியும் வேலைவாய்ப்பும், தகவல் தொடர்பு, சமூக ஆதரவும் நலவாழ்வுச் சேவையும் என எட்டுத் துறைகளை அது வகுத்தது. இவ்வழியில் செல்லும் நகரங்களுக்கான உலக வலையமைப்பு 2010இல் தொடங்கப்பெற்றது. நம் மாநிலத்தின் கொச்சி நகரமும் அதில் இடம்பெற்றுள்ளது. பெருநகரங்களுக்கென வகுத்த எட்டுத் துறைகளும் எல்லையோரச் சிற்றூருக்கும் பொருந்துவனவே.

முதலில் சாலையைக் கருதுவோம். பார வண்டிகள் செல்லும் சாலையைக் கடப்பதே முதியவர்க்குப் பெருஞ்சோதனை. சிங்கப்பூரில் 2009இல் அறிமுகமான ஏற்பாட்டின்படி, மூத்த குடிமக்கள் தம் சலுகை அட்டையைச் சாலையோரக் கம்பத்தில் வைத்தால், கடப்பதற்கான பச்சை விளக்கு சாலையின் அகலத்திற்கேற்பச் சில நொடிகள் கூடுதலாக எரியும். சைகை விளக்கே இல்லாத ஊரில் அதே நோக்கத்தை வேறு வழிகளில் எய்தலாம். சந்தைக்கருகே வேகத்தடையும் வெள்ளைக் கோடுகளும், வடிகாலின் மேல் உடையாத மூடிகளும், நிழலுள்ள இடங்களில் கைப்பிடியுடன் கூடிய இருக்கைகளும், பேருந்து நிறுத்தத்தில் தூய்மையான கழிப்பறையும் பெருஞ்செலவின்றி அமைக்கத் தக்கவை. கழிப்பறை இல்லை என்ற காரணத்தாலேயே வெளியே செல்வதைத் தவிர்க்கும் முதிய பெண்கள் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்தது வங்கி. 2017 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி மூத்த குடிமக்களுக்கான வசதிகளை வரையறுத்து எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது. தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை தரும் கவுண்டர் வேண்டும். ஓய்வூதியம் வழங்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் உயிர்வாழ்வுச் சான்றிதழை அளிக்கலாம். எழுபது வயதைக் கடந்தோர்க்கும், நோயால் நலிந்தோர்க்கும் வீட்டிற்கே வந்து பணம் தருதல், பெறுதல், ஆவணங்கள் பெறுதல் ஆகிய சேவைகளை வழங்க வங்கிகள் முயல வேண்டும். கையெழுத்திட இயலாதவரின் கைரேகையை, வங்கி அறிந்த இரு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். இவ்வசதிகளைக் கேட்பதில் வாடிக்கையாளர் தயக்கம் கொள்ளத் தேவையில்லை.

வேலந்தாவளம் போன்ற ஊர்களில் ஓய்வூதியமும் எல்லை கடந்ததாகவே அமைகிறது. கோவை ஆலைகளில் உழைத்து, ஓய்வுக்குப்பின் இப்பக்கம் வாழ்வோர் உளர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மையப்படுத்தப்பட்ட முறை 2025 ஜனவரி முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளது. இதனால் அந்நிறுவனத்தின் ஓய்வூதியர்கள் நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் ஓய்வூதியம் பெறலாம்; இடம் மாறினாலும் ஆவணங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்திற்கு மாற்ற வேண்டியதில்லை. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தின்படி, கைரேகை அல்லது முக அடையாளத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே உயிர்வாழ்வுச் சான்று அளிக்கலாம். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும்போது முக அடையாளமே கைகொடுக்கிறது.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு துறை மொழி. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த மூத்தோர் இங்குப் பலர். தாம் கையெழுத்திடும் படிவத்தில் உள்ளதை அறியாத நிலை ஆபத்தானது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தனி உரிமை அளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில், அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் அது வழிசெய்கிறது. பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் அமைந்த அறிவிப்புப் பலகையும், படிவத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் இருப்பின் முதியவர் அயலாரை நாடி நிற்கும் நிலை குறையும்.

அயலாரை நாடுவதில் உள்ள இடரை வங்கிப் பணியிலுள்ளோர் நன்கறிவோம். உறவினரோ நண்பரோ உதவினாலும், இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எவரிடமும் சொல்லலாகாது. காவல்துறை அதிகாரி எனக் கூறி, காணொலி அழைப்பில் “டிஜிட்டல் கைது” என மிரட்டிப் பணம் பறிப்போர் தனித்து வாழும் முதியோரையே மிகுதியும் குறிவைக்கின்றனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்து 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தல் வேண்டும். முதியோர்க்கான பொது உதவிக்கு 14567 என்ற எண் உள்ளது. சொத்தை எழுதிக் கொடுக்க எண்ணும் பெற்றோர், தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதுவித்தல் நன்று. அந்நிபந்தனை மீறப்படின், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அம்மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

வீட்டைவிட்டு வெளிவர இயலாதோர் நிலையையும் எண்ண வேண்டும். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை முயற்சி, தன்னார்வலர் துணையுடன் ஊர்தோறும் பரவியது. 2008இல் அதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது கேரள அரசு. செவிலியர் வீடு தேடி வரும் இம்முறையும், முதியோர் பகலில் கூடியிருக்கும் ‘பகல்வீடு’ என்னும் ஏற்பாடும் நம் மாநிலம் ஏற்கெனவே கண்ட வழிகள். முதியோர் நலனுக்கெனத் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தையும் கேரளச் சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது.

சட்டமும் திட்டமும் இருப்பினும், எந்த இடத்தில் இருக்கை வேண்டும், எந்த வடிகால் மூடி உடைந்துள்ளது என்பதை ஊரார்தாம் சொல்ல இயலும். அதற்கான இடம் வார்டுதோறும் கூடும் கிராம சபை. அடுத்த கூட்டத்திற்குச் செல்லுமுன், உங்கள் வீட்டு மூத்தவருடன் ஒரு முறை வங்கி வரை நடந்து செல்லுங்கள். அவர் எங்கெங்கு நின்றார், எங்கெங்கு உங்கள் கையைப் பற்றினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை குறித்தவற்றைக் கிராம சபையில் வையுங்கள். கவுண்டர் குறித்தவற்றைக் கிளை மேலாளரிடம் எழுத்தில் தாருங்கள். அக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.