யாழ்ப்பாண அணியும் அடுத்த பருவமும்

இலங்கைப் பிரீமியர் லீக் துடுப்பாட்டம் 2020இல் தொடங்கியது. 2024 வரை நடைபெற்ற ஐந்து தொடர்களில் நான்கில் வாகை சூடியது யாழ்ப்பாண அணியே. 2023இல் மட்டும் கண்டி வென்றது. முதலாண்டில் ‘ஸ்டாலியன்ஸ்’ என வழங்கிய அவ்வணி பின்னர் ‘கிங்ஸ்’ எனப் பெயர் பெற்றது.

அத்தொடர்களில் கிழக்கிற்கெனத் தனியணி அமையவில்லை. ஆதலின் வாவிக்கரையில் வாழும் நானும் என் மாணாக்கரும் அவ்வணியையே நம்முடையதெனக் கொண்டோம். அடுத்த பருவத்தில் அது எவ்வாறு ஆடும்?

பழைய வெற்றிகளை மட்டும் கொண்டு விடை கூறுதல் பொருந்தாது. 2024 இறுதியாட்டத்தில் காலி அணியை ஒன்பது விக்கெட்டுகளால் வெல்ல வழிசெய்தவை, தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ ஆட்டமிழக்காது பெற்ற 106 ஓட்டங்களாகும். அத்தகைய அயல்நாட்டு வீரர் ஏலத்தில் வருவர். மறுமுறை வேறணிக்குஞ் செல்வர். நிலைத்து நிற்பது மண்ணின் வளர்ப்பே. யாழ். மத்திய கல்லூரியிற் பயின்ற சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் இவ்வணியிற் களமிறங்கினார், 2024இல் ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். கல்லூரி மைதானத்திலிருந்து அவ்வரங்கு வரை பாதை உண்டென்பதை அவர் காட்டினார்.

ஆகவே, வீரர் பட்டியல் வெளியாகும்போது நான் முதலில் தேடுவது பெரும் பெயர்களையல்ல. வடகிழக்குப் பாடசாலைகளிற் பயின்றோரின் பெயர்களையே. அவை பெருகின், வெற்றி தோல்வி எதுவாயினும் அப்பருவம் நமக்கு நற்பருவமே. பழைய மாணவர் பெருமக்களே! நம் சிறுவர்க்குக் கடினபந்தும் வலைப்பயிற்சியும் கிடைக்க ஆவன செய்வீராக. அப்பட்டியலில் மட்டக்களப்புப் பிள்ளையொருவனின் பெயரை வாசிக்கும் நாளும் வரும்.