மாடியில் தொட்டில்... கீழே சமையல்!

மாடியில் ஏழு மாதக் குழந்தை தூங்குகிறான். கீழே அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தொட்டிலருகே ஒரு கேமராவை வைத்து, சமையலறையில் லாப்டாப்பில் அவனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது என் வழக்கம். மாடிக்கு இன்டர்நெட் சரியாக எட்டவில்லையென்று இரண்டாவதாக ஒரு ரூட்டர் வாங்கி, கேமராவை அதில் சேர்த்தோம். அன்றே படம் நின்றுவிட்டது!

மிக்ஸி சத்தத்தில் குழந்தை வீறிட்டது எனக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், முகம் சிவந்து விக்கி விக்கி அழுகிறான்.

"கேமரா கெட்டுப் போச்சு, வேற வாங்கிடலாம்" என்றார் என்னவர். கடைக்காரரோ, "ரூட்டர்ல வெளி வழியைத் திறந்து விட்டுடறேம்மா, எங்கேயிருந்தும் பார்க்கலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. அந்த வழியாக ஊரான் பார்க்கமாட்டானா?

கரண்ட் போனால் முதலில் நம் வீட்டு ஃப்யூஸைத்தானே பார்ப்போம்? அப்படியே நானும் அருகிலிருந்து ஆரம்பித்தேன். 'பிங்' என்றொரு கட்டளை உண்டு. "இருக்கியா?" என்று குரல் கொடுப்பது போலத்தான். கீழ் ரூட்டர் பதில் சொன்னது. கேமரா மௌனம். லாப்டாப்பை மாடிக்கு எடுத்துப்போய், அங்குள்ள வைஃபையில் சேர்த்துக் கேட்டேன். உடனே பதில்! ஆக, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நடுவே வழிதான் இல்லை.

விலாசங்களைப் பார்த்ததும் புரிந்தது. கீழே லாப்டாப்புக்கு 192.168.1.10, மாடியில் கேமராவுக்கு 192.168.0.5. மூன்றாவது எண் வேறு! மாடி ரூட்டர் தனிக்குடித்தனம் போயிருக்கிறது. அந்த விலாசத்துக்கு வழி தெரியாத கீழ் ரூட்டர், என் கேள்வியை வீட்டுக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

பரிகாரம் சுலபம். மாடி ரூட்டரின் செட்டிங்கில், விலாசம் வழங்கும் 'டி.எச்.சி.பி.'யை நிறுத்தினேன். அந்த ரூட்டருக்கு, வேறெதற்கும் கொடுக்காத 192.168.1.2 என்ற விலாசத்தைக் கொடுத்தேன். பிறகு கீழிருந்து வரும் கேபிளை 'டபிள்யூ.ஏ.என்.' போர்ட்டிலிருந்து எடுத்து, 'எல்.ஏ.என்.' போர்ட்டில் செருகினேன். கேமராவை அணைத்துப் போட்டதும், கீழ் ரூட்டரே அதற்குப் புது விலாசம் கொடுத்தது. அதை லாப்டாப்பில் போட்டேன். திரையில் என் செல்லம் கால் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்!

சகோதரிகளே, ஒரு வார்த்தை. கேமராவோடும் ரூட்டரோடும் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். கேமரா ஒரு துணைதான். படம் தெளிவாகத் தெரிந்தாலும், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அடிக்கடி மாடிக்கு ஓடத்தான் செய்கிறேன்.