கரிந்த கதிரும் கடல்நீரும்

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த ஒழுக்கமாகும். அவ்வொழுக்கத்தைப் போற்றிய சமுதாயம், நீர்மங்களைக் காய்ச்சி வடிக்கும் கலையையும் வளர்த்தது. வாலைக் கருவிக்கு ஐரோப்பியர் வழங்கிய 'அலெம்பிக்' என்னும் பெயர், 'அல் அன்பீக்' என்ற அரபுச் சொல்லின் திரிபே.

எரிபொருளின்றிக் கதிரவன் வெப்பத்தாலேயே நீரை வடிப்பதும் புதிதன்று. 1872ஆம் ஆண்டில் சிலி நாட்டின் லாஸ் சலினாஸில், சார்லஸ் வில்சன் என்பவர் கண்ணாடி மூடிய மரத்தொட்டிகளை 4,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைத்து, நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கும் மேல் நன்னீர் பெற்றார். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர்தான். தொட்டிநீர் முழுவதும் சூடேற வேண்டியிருந்ததால் வெப்பம் வீணாயிற்று.

நீராவி பிறப்பதோ மேற்பரப்பில். ஆகவே, அவ்விடத்தை மட்டும் சூடாக்கினால் போதுமன்றோ? 2014 முதல் இக்கருத்து ஆய்வுலகில் வேகமாகப் பரவியது. இதற்கு வேண்டிய பொருள் ஒளியை விழுங்கும் கருமை உடையதாய், மிதப்பதாய், வெப்பத்தைக் கீழே கடத்தாததாய், நீரை மேலே உறிஞ்சுவதாய் இருத்தல் வேண்டும். மணி நீக்கிய மக்காச்சோளக் கதிர், மரத்துண்டு, காளான் ஆகியவற்றின் மேற்புறத்தைக் கரியாக்கினால் இப்பண்புகள் பெரிதும் அமைந்துவிடுகின்றன. வேர்நீரை இலைக்கு ஏற்றும்பொருட்டு இறைவன் தாவரங்களில் அமைத்த நுண்குழாய்கள், அவை வெட்டப்பட்ட பின்னரும் நீரை ஏற்றுகின்றன. உப்பு கீழே தங்க, ஆவி மேலெழுந்து கண்ணாடியில் குளிர்ந்து துளியாகிறது.

இதன் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1 கிலோவாட். வெளியேறும் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தாதவரை, அதனால் மணிக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் நீரையே ஆவியாக்க இயலும். நுண்துளைகளில் உப்புப் படிந்தால் அதுவும் குறையும். எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருள்கள் நீராவியோடு கலந்து வரவும் கூடும்.

எனவே இது நகரங்களின் தாகம் தீர்க்கும் வழியன்று. கிணறு உவர்த்துப்போன கடலோரக் குடும்பம் ஒன்றின் குடிநீர்க் குடத்தை நிரப்பும் வழியாகலாம். வயலோரத்தில் எரிந்து புகையாகும் பொருளுக்கு இத்தகைய பயன் உண்டெனில், கழிவு என்பது பொருளின் இயல்பன்று. நம் அறியாமைக்கு நாம் இட்ட பெயரே எனலாம்.