துண்டு போட்டு இடம் பிடித்த கிருமிகள்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரிடம் ‘நல்ல கிருமி’ என்று சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். தீவனத்தில் புரோபயாடிக் கலப்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. அந்தக் கதையின் முக்கியமான கட்டம் ஒன்று பின்லாந்தில் நடந்தது.

தாய்க்கோழி பொரித்த குஞ்சு, தாயோடு குப்பையைக் கிளறும்போதே வேண்டிய கிருமிகளை வயிற்றில் ஏற்றிக்கொள்ளும். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாயும் இல்லை, குப்பையும் இல்லை. குடல் காலியாகக் கிடப்பதால் முதலில் வரும் சால்மோனெல்லா அங்கே குடியேறிவிடுகிறது. 1973-இல் நூர்மி, ராந்தலா என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் இருவர், ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். சால்மோனெல்லாவால் அந்தக் குஞ்சுகளை எளிதில் அண்ட முடியவில்லை.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கணக்குதான். சீட்டில் ஆள் இருந்தால் அடுத்தவர் உட்கார முடியாது. மனிதத் தோலிலும் இதுவேதான் நடக்கிறது.

தோலில் யார் யார்?

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வரும். அதில் எல்லா இடமும் ஒன்றல்ல. 2009-இல் அமெரிக்காவில் ஜூலி செக்ரே குழுவினர் 10 பேரின் உடலில் 20 இடங்களில் கிருமிகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். இடத்துக்கு இடம் கூட்டம் மாறியது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், முன்கை காய்ந்த மானாவாரிக் காடு; அக்குள் கொல்லிமலைச் சோலை. நெற்றியும் மூக்கோரமும் எண்ணெய்ச் செக்கு.

எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் இருக்கும். பருவோடு சேர்த்துப் பேசப்பட்டுக் கெட்ட பெயர் வாங்கியது இதுதான். ஆனால் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றுவதும் இதுவே. தோலின் அமிலநிலை (pH) 5-ஐ ஒட்டி நிற்பதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். சீழ்க்கட்டியையும் புண்ணையும் உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

இடம் பிடிப்பதோடு நிற்காமல் சண்டையும் போடுகின்றன சில. 2016-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தார், மூக்கில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற கிருமி ஒரு ஆன்டிபயாடிக்கையே தயாரிப்பதைக் கண்டுபிடித்தார்கள். 187 நோயாளிகளைப் பார்த்ததில், இந்தக் கிருமி இல்லாதவர்களில் சுமார் 35 சதவீதத்தினரின் மூக்கில் ஆரியஸ் இருந்தது. உள்ளவர்களிடம் 6 சதவீதம்தான். மறு ஆண்டே சான் டியேகோவில் ரிச்சர்டு கேலோ குழு, ஆரியஸைக் கொல்லும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ், எபிடெர்மிடிஸ் வகைகள் கரப்பான் நோயாளிகளின் தோலில் குறைந்துபோயிருப்பதைக் காட்டியது.

அதற்காக எல்லாரையும் தலையில் தூக்கி வைக்கவும் கூடாது. தோலில் சாதுவாக இருக்கும் எபிடெர்மிடிஸ், ஆஸ்பத்திரியில் நரம்பில் செருகும் குழாயோடு உள்ளே போய்விட்டால் பெரிய தொல்லை.

உப்புத் தண்ணியும் சோப்பும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் போர் போடுகின்றன. உள்ளூரில் பல வீடுகளில் அந்த போர் தண்ணிதான் குளியலுக்கு. கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் நுரை வராது; பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒரு படலம் மட்டும் படியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்த கசடு அது. பக்கெட்டில் ஒட்டுவது தோலிலும் ஒட்டும். அதோடு, சாதாரண சோப்பு அதே pH அளவில் 9, 10 வரை போகும் காரம். ஒரு முறை குளித்தால் தோல் தானே மீண்டும் புளிப்புக்குத் திரும்பிவிடும். நுரை வரவில்லை என்று நாளைக்கு மூன்று தடவை தேய்த்தால் அந்தத் திரும்புதலுக்கு நேரமே கிடைக்காது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்போ சீயக்காயோ போட்டுக் குளித்த பாட்டிமாருக்கு இந்தச் சிக்கல் குறைவு.

‘கிருமிநாசினி சோப்’ என்று எழுதியிருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரமில்லை. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட இவை மேல் என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

அப்படியானால் கை கழுவ வேண்டாமா?

கட்டாயம் கழுவ வேண்டும். 1938-லேயே பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் கையிலுள்ள கிருமிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: நிரந்தரக் குடியிருப்பாளர்கள், வந்து போகிறவர்கள். முட்டை எடுத்தபிறகு, கோழி அறுத்தபிறகு, கழிப்பறை போனபிறகு கையில் ஒட்டியிருப்பது வந்து போகும் ரகம். சோப்புக்கு எளிதில் போய்விடும். குடியிருப்பாளர்கள் தோலின் அடுக்குகளிலும் மயிர்க்கால்களிலும் தங்கி, மறுபடி பெருகிக்கொள்வார்கள்.

டிரைவரும் டியூபும்

கத்திரி வெயிலில் லோடு ஏற்றிப் போகும் நாமக்கல் லாரி டிரைவருக்கு இடுப்பும் தொடையிடுக்கும் நாள் முழுக்க வேர்வையில் ஊறும். பூஞ்சையால் வரும் படர்தாமரை அங்கேதான் பிடிக்கும். வழியில் மெடிக்கலில் வண்டியை நிறுத்தி, “அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணா” என்றால் கிடைப்பது பெரும்பாலும் கலவைக் களிம்பு: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒரு ஆன்டிபயாடிக், கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அடங்கியது அரிப்புதான்; பூஞ்சை அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டு உடம்பின் காவலைத் தளர்த்த, ஆன்டிபயாடிக் குடியிருந்த நல்ல கிருமிகளையும் துரத்த, வட்டம் விரிந்து வயிறு வரை ஏறுகிறது.

இந்தப் பழக்கத்தின் பலன் இந்தியாவோடு நிற்கவில்லை. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரம் அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு, 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே. நியூயார்க்கிலும் இது தலைகாட்டியதாக 2023-இல் அறிக்கை வந்தது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் கேட்டால் கிடைப்பது வேறு கதை.

வேர்வை ஊறிய உள்ளாடையை மாற்றுவதும், துண்டை ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்தாமல் இருப்பதும், குளித்தபின் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பதும் பாதி வைத்தியம். மீதிக்கு சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து அரசு மருத்துவமனையின் தோல் பிரிவோ இருக்கிறது. போகும்போது இதுவரை போட்ட டியூபை, பிதுக்கித் தீர்ந்ததாக இருந்தாலும், கையோடு கொண்டுபோவது நல்லது. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியே “என்ன போட்டீங்க?” என்பதுதான்.